48 வருஷ கணக்கு மட்டும் போதுமா?

அமெரிக்க காலேஜ் லக்ராஸ் (வலை வச்ச குச்சியால பந்தை வாங்கி வீசி ஆடுற ஆட்டம்) பத்தின உங்க கட்டுரை நல்லாருக்கு, ஆனா 2025 ஃபைனல்ல மேரிலாண்ட் யுனிவர்சிட்டியை 13-10னு சாய்ச்சு கார்னெல் யுனிவர்சிட்டி 1977க்கு அப்புறம் முதல் தடவையா கப்பைத் தூக்குச்சுன்னு மட்டும் எழுதிட்டு 2009 ஃபைனல் பத்தி ஒரு வரி கூட இல்லையே, அதே ஜில்லெட் ஸ்டேடியம் தாங்க. அன்னைக்கு கடைசி குவார்ட்டர்ல கார்னெல் 9-6னு முன்னாடி நிக்குது, சரி முடிஞ்சுதுன்னு நினைச்சா எதிர்ல ஆடின சிராக்கியூஸ் யுனிவர்சிட்டி ரெண்டு கோல் போட்டு 9-8, அப்புறம் 5 செகண்ட் கூட பாக்கி இல்லாதப்ப அவங்க டீம் மேட் அபாட் அடி வாங்கிக்கிட்டே பந்தை கோல் பக்கம் தூக்கி வீசுறாரு, கென்னி நிம்ஸ் அதை ஸ்டிக்ல வாங்கின வேகத்துல உள்ள தள்ளிட்டாரு. நான் யூடியூப்ல தான் பாத்தேன், இப்பவும் அந்த எடத்துல வீடியோவை நிறுத்தி பாப்பேன். ஓவர்டைம்ல சிராக்கியூஸோட கோடி ஜேமிசன் அடிச்சதுல அவங்களுக்கு 10-9, கதை முடிஞ்சுது. அவரு மோஹாக்ங்கிற வட அமெரிக்க பூர்வகுடி இனத்துக்காரர், இந்த ஆட்டமே அவங்க மூதாதையரோடது தானே, அதையும் கட்டுரைல சொல்லிருக்கலாம்.

அதே கிரவுண்டுல 16 வருஷம் கழிச்சு கார்னெலோட சிஜே கர்ஸ்ட் ஒத்த ஆளா 6 கோல் போட்டப்ப 2009 டீம் பசங்க எப்படி பாத்துட்டு இருந்திருப்பாங்க!