பன்னிரண்டு கட்ட டென்ஸ் சார்ட்டை ஓரமாக வையுங்கள்

ஜூன் நடுவில் பள்ளி திறந்ததும் மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா பக்கம் டியூஷன் நடக்கிற வீடுகளில் அதே இங்கிலீஷ் டென்ஸ் (காலம்) சார்ட் சுவரேறிவிடும். மேலே பிரசண்ட், பாஸ்ட், ஃப்யூச்சர். பக்கவாட்டில் சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். நான்காம் வகுப்புப் பிள்ளை பன்னிரண்டையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். ஒப்பித்த கையோடு 'டிட் யூ வென்ட்?' என்று கேட்கும்.

சார்ட்டில் தப்பில்லை. ஆனால் அது எட்டாம் வகுப்புச் சரக்கு. 'ஐ வில் ஹேவ் பீன் ஈட்டிங்' பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு? (இலக்கணக்காரர்களைக் கேட்டால் இங்கிலீஷ் வினைச்சொல் உருமாறிக் காட்டும் காலம் இரண்டுதான் என்பார்கள், எதிர்காலத்துக்கு 'வில்' போன்ற துணைகள்தான் வேலை செய்கின்றன.) முதலில் கைக்கு வர வேண்டியது ஹெல்பிங் வெர்ப், அதாவது துணைவினை. அதிலும் டூ, டஸ், டிட்.

இங்குள்ள நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி. 'போனானா?' என்று ஒரு 'ஆ' சேர்த்தால் தமிழில் கேள்வி ஆகிவிடும். இந்தியில் 'க்யா', மராத்தியில் 'கா'. மூன்றிலும் வினைச்சொல்லை யாரும் தொடுவதில்லை. இங்கிலீஷில் மட்டும் கேள்விக்கும் மறுப்புக்கும் வெளியிலிருந்து ஒரு சொல் வந்து, வினையிடமிருந்து காலக்குறியை வாங்கிக்கொள்கிறது. தெரிந்த மூன்று மொழியும் கைகொடுக்காத இடம் இது. நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

பிரசண்டில் ஆரம்பிக்காதீர்கள், பாஸ்டில் ஆரம்பியுங்கள். 'டிட்' ஐ, யூ, ஹி, தே எல்லாருக்கும் ஒன்றே. ஆள் பார்த்து மாறாது. ஒரு துண்டுக் காகிதத்தை இரண்டாக மடித்து, வெளியே 'வென்ட்' என்று எழுதுங்கள். உள்ளே இடப்பக்கம் 'டிட்', வலப்பக்கம் 'கோ'. மடித்திருந்தால் சாதாரண வாக்கியம். கேள்வியோ மறுப்போ வந்தால் காகிதத்தைப் பிரிக்க வேண்டும். பிரித்தபின் 'வென்ட்' கண்ணில் படாது. பிறகு ஒரே வினையை நாலு வரியாகச் சொல்ல வையுங்கள்: 'ஹி வென்ட். ஹி டிட்ன்ட் கோ. டிட் ஹி கோ? எஸ், ஹி டிட்.' ஒரு நாளைக்கு ஐந்து வினை, பத்து நிமிஷம். எழுத வேண்டாம், வாயால் மட்டும். ஒரு வாரம் 'டிட்' தவிர வேறெதுவும் வேண்டாம்.

அடுத்த வாரம் 'கோஸ்' காகிதம். பிரித்தால் 'டஸ்', 'கோ'. 'எஸ்' ஒலி ஒன்றுதான் உண்டு, அது 'டஸ்'ஸோடு போய்விட்டது. 'டஸ் ஹி கோஸ்' என்று பிள்ளை சொன்னால் கடைசிச் சொல்லை விரலால் மறையுங்கள், போதும். இந்த 'எஸ்' லேசில் வராது. இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசும் 3 அமெரிக்கக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த உளவியலாளர் ராஜர் பிரவுன் 1973-இல் எழுதியது இது: 'இங்' முதலில் வருகிறது, 'ஹி கோஸ்' என்பதன் 'எஸ்' வெகு பிந்தி வருகிறது. அந்தக் குழந்தைகளுக்கே அப்படி என்றால் நம் பிள்ளை மூன்று மாதம் எடுத்துக்கொண்டால் என்ன?

மறுப்பில் தமிழ் ஒரு குழி வைத்திருக்கிறது. 'அவன் வரலை' என்பது நேற்றைக்கும் ஆகும், இப்போதைக்கும் ஆகும். 'பால் குடிக்க மாட்டான்' என்பது பழக்கமாகவும் இருக்கலாம், இனிமேல் நடக்கப்போவதாகவும் இருக்கலாம். அதனால் பிள்ளை 'டஸ்ன்ட்' வர வேண்டிய இடத்தில் 'வோன்ட்' போடும். மொழிபெயர்க்கச் சொல்லும் முன் 'நேத்தா, இப்பவா, எப்பவுமா, இனிமேலா?' என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து டிட்ன்ட், இஸ்ன்ட், டஸ்ன்ட், வோன்ட்.

'ஆம், இஸ், ஆர்' விஷயத்தில் மும்பைப் பிள்ளைக்குச் சென்னைப் பிள்ளைக்கு இல்லாத வசதி உண்டு. 'ஜா ரஹா ஹூம்' (போயிட்டிருக்கேன்) என்ற இந்தி தெருவிலேயே கற்றது. ஹூம் இருக்கும் இடத்தில் ஆம், ஹை என்றால் இஸ், 'தா' என்றால் வாஸ். அப்படியே பொருந்தும். ஆனால் 'ஜாதா ஹூம்' (வழக்கமாகப் போவேன்) என்பதிலும் அதே ஹூம் இருப்பதால் 'ஐ ஆம் கோ டெய்லி' என்று கிளம்பும். 'ரஹா' கேட்டால்தான் ஆம், கூடவே 'இங்' என்று பிரித்துக் கொடுங்கள். 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' வேண்டாம். தெரியும், பிடிக்கும், வேணும், சொந்தமாக இருக்கு, இந்த நாலுக்கும் 'இங்' கிடையாது.

'ஹேவ்' கடைசியில். தமிழில் 'வந்திருக்கேன்', 'வந்துட்டிருக்கேன்' இரண்டிலும் 'இரு' உண்டு. 'ஐ ஆம் கம்' பிறப்பது அங்கேதான். சயான் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் வைத்துச் சொன்னால் உடனே புரியும். வண்டி போய்விட்டது, தண்டவாளம் காலி: 'தி டிரெயின் ஹேஸ் லெஃப்ட்.' மணி சொன்னால் ஹேஸ் விலகிவிடும்: 'இட் லெஃப்ட் அட் 7.42.' 'நேத்து வந்திருக்கான்' தமிழில் சரி, இங்கிலீஷில் நேற்றும் ஹேஸும் சேராது.

உச்சரிப்பில் ஒன்று. 'வாக்ட்', 'பிளேட்' எல்லாம் ஒரே அசை. வினை 'டி' (T) அல்லது 'டீ' (D) எழுத்தின் ஒலியில் முடிந்தால் மட்டும் 'இட்' தனியாக ஒலிக்கும்: 'வான்டெட்', 'நீடெட்'. 'வாக்கெட்' என்று படிக்கும் பிள்ளையை இந்த ஒரு விதி திருத்திவிடும்.

ஒழுங்கில்லாத வினைகளை அகர வரிசையில் உருப்போட வைக்காதீர்கள். கட், புட், ஹிட் ஒரு கூட்டம். சிங், டிரிங்க், ஸ்விம் இன்னொன்று. பிரிங், பை, கேட்ச், டீச் மற்றொன்று. முதல் ஆண்டுக்கு இருபத்தைந்து தாராளம். பிள்ளை 'கோட்' என்று 'கோ'வோடு 'ஈடி' சேர்த்தால் திட்டாதீர்கள். விதி உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. 'ஓ, வென்டா? எங்கே?' என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.

கோடிட்ட இடத்தை நிரப்புவதை வைத்து மட்டும் பிள்ளையை எடைபோடாதீர்கள். 'எஸ்டர்டே' கண்ணில் பட்டதும் வாக்கியத்தைப் படிக்காமலே 'ஈடி' போட்டுவிடும் சாமர்த்தியசாலிகள் நிறைய. காலச்சொல் இல்லாத ஒரு படத்தைக் காட்டி, மூன்று கேள்வி அதுவே கேட்கட்டும். மூன்றிலும் ஹெல்பிங் வெர்ப் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.