சுர்ரோஸ் மாவில் முட்டை எதற்கு?

ஸ்பெயின் நாட்டுப் பொரித்த பலகாரமான சுர்ரோஸை வீட்டில் செய்வது எப்படி என்று வரும் வீடியோக்களைப் பாருங்கள். வெண்ணெய், முட்டை, வெனிலா, மாவிலேயே சர்க்கரை, பொரித்தெடுத்த பிறகு பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் ஒரு புரட்டு. சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஸ்பெயின்காரர்கள் காலையில் சாப்பிடுவது அதுவல்ல. பட்டைத்தூள் மெக்சிகோ வழக்கம். மாட்ரிட் கடைகளில் மாவு, தண்ணீர், உப்பு, பொரிக்க எண்ணெய். அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். மாவில் இனிப்பே இல்லாமல் இருப்பதுதான் இந்தப் பலகாரத்தின் உயிர். லேசாக உப்புக் கரிக்கும் மொறுமொறுப்பை, கசப்பும் இனிப்புமான சாக்லேட்டில் முக்கிச் சாப்பிடும்போது கிடைக்கும் ருசி, இரண்டுமே தித்தித்தால் எங்கிருந்து வரும்? மாவில் சர்க்கரை சேர்த்தால் இன்னொரு தொல்லை: உள்ளே வேகும் முன்பே வெளியே கருகிவிடும்.

மாட்ரிட்டில் புவேர்தா தெல் சோல் சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் சான் ஹினெஸ் என்ற கடை 1894லிருந்து இருக்கிறது. புத்தாண்டு இரவு முழுக்கக் கொண்டாடிவிட்டு, விடியற்காலையில் சுர்ரோஸும் சாக்லேட்டும் சாப்பிட்டுவிட்டுத்தான் ஸ்பெயினில் பலர் தூங்கவே போவார்கள். அங்கே சாக்லேட் என்பது தொட்டுக்கொள்ளும் சாஸ் கிடையாது. கோப்பையில் வரும் பானம். முக்கிச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் குடித்துவிடுவார்கள். அந்தக் கெட்டித்தன்மை மாவுச்சத்தால் வருவது. வீட்டில் என்றால் அரை லிட்டர் பால், 150 கிராம் டார்க் சாக்லேட், ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார். கார்ன்ஃப்ளாரை ஆறிய பால் கொஞ்சத்தில் கரைத்து ஊற்றி, சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். கரண்டியின் பின்புறத்தில் படிந்து நின்றால் போதும். சர்க்கரை உங்கள் விருப்பம்.

சரி, மாவுக்கு வருவோம். ஒரு கப் மைதாவுக்கு ஒரு கப் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். இடியாப்ப மாவுக்கு ஊற்றுவதைப் போல மொத்தமாக ஊற்றி, கட்டையான கரண்டியால் வேகமாகக் கிளறுங்கள். கொதிநீரில் மாவு பாதி வெந்துவிடுவதால்தான் முட்டை இல்லாமலேயே வடிவம் நிற்கிறது. கட்டி தட்டக் கூடாது. சில நிமிடம் மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டிலேயே பிழிய வேண்டும். ஆறிவிட்டால் கை வலிதான் மிச்சம்.

பிழிவதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டாம், ஒற்றை நட்சத்திரத் துளை உள்ள முறுக்கு அச்சு போதும். நட்சத்திரம் அழகுக்காக என்று நினைத்து வட்டத் துளையில் பிழிந்துவிடாதீர்கள். வட்டமாகப் பிழிந்தால் மேல்தோல் இறுகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட நீராவிக்கு வழியில்லாமல் எண்ணெயிலேயே வெடிக்கும். அச்சில் மாவை நிரப்பும்போதும் காற்று நிற்காமல் அழுத்தி நிரப்புங்கள்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. சிலி நாட்டில் 2004ல் ஒரு நாளிதழ் சுர்ரோஸ் செய்முறை வெளியிட்டது. அதைப் பார்த்து வீட்டில் செய்தவர்களுக்குக் கொதிக்கும் எண்ணெய் தெறித்துத் தீக்காயம். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2011ல் 13 பேருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. செய்முறையைச் சரியாகச் சோதிக்காமல் அச்சிட்டதுதான் குற்றம். அதில் சொல்லியிருந்த எண்ணெய்ச் சூடு மிக அதிகம். இன்றைக்கு வீடியோ போடுகிறவர்கள் எத்தனை பேர் எண்ணெயின் சூட்டைச் சொல்கிறார்கள்? 180 முதல் 190 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் துளி மாவைப் போட்டுப் பாருங்கள், உடனே நுரைத்து மேலே வர வேண்டும். எண்ணெய் புகையவே கூடாது.

போர்ராஸ் என்று இன்னொன்று உண்டு. சோடா சேர்த்த மாவைப் பெரிய வட்டச் சுருளாகப் பொரித்து, கத்தரிக்கோலால் துண்டு போட்டுத் தருவார்கள். எனக்கு அதுவும் உயிர். ஆனால் வீட்டு வாணலிக்கு அது சரிப்படாது, கடைக்காரர்களிடமே விட்டுவிடலாம்.

அப்புறம், அளவாகப் பிசையுங்கள். ஆறிப்போன சுர்ரோஸைத் திரும்பச் சூடாக்கினால் சவசவவென்று ஆகிவிடும். ஒருவர் பொரிக்கப் பொரிக்க மற்றவர்கள் சூடாகச் சாப்பிடட்டும். முதல் கோப்பை சாக்லேட்டை மட்டும் அடுப்படியில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்.