பதக்கம் வேண்டாதவருக்கும் நல்ல பிஸ்டல் வேண்டும்

பொழுதுபோக்காகச் சுடுகிற ஒருத்திக்கு இரண்டு லட்சம் ரூபாயில் ஏர் பிஸ்டல் எதற்கு என்று கேட்காதவர்கள் எங்கள் வட்டாரத்தில் இப்போது யாரும் இல்லை. பள்ளியில் உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள் கேட்டார்கள். மாமியார் கேட்டார். சேமிப்புக் கணக்கு தொடங்கப் போனபோது அஞ்சலக ஊழியர்கூடக் கேட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. "போட்டிக்குப் போகப் போகிறாயா? இல்லையே. அப்புறம் எதற்கு அவ்வளவு விலையில்?" என்பதுதான் எல்லோருடைய கணக்கும். நல்ல கருவி பதக்கம் வாங்குகிறவருக்கு, சும்மா சுடுகிறவருக்குக் கிடைத்தது போதும் என்ற கணக்கு அது. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஏன் என்பதை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். துப்பாக்கி என்றதும் சிலருக்கு முகம் மாறுகிறது. நான் சொல்வது பத்து மீட்டர் ஏர் பிஸ்டல். அழுத்திய காற்றால் 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டைத் தள்ளும் கைத்துப்பாக்கி. பெல்லட்டின் எடை அரை கிராம் அளவுதான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் இருந்து ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் இது ஒரு போட்டி. 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டிப் பிஸ்டலின் ஆற்றல் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதற்காக இது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். ஆகவே சுடுதளத்துக்கு வெளியே சுடுவதில்லை, மொட்டை மாடியில் சுடுவதில்லை, வீட்டில் பூட்டுப் போட்ட பெட்டியில்தான் வைப்பது, பெல்லட் டப்பா வேறு இடத்தில் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது.

வெடிமருந்துத் தோட்டா சுடும் 0.22 அங்குலப் பிஸ்டல் வாங்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அதற்கு உரிமம் வேண்டும், காவல் துறை விசாரணை உண்டு. அதோடு, வெளிநாட்டுத் துப்பாக்கிகளைச் சாதாரண உரிமதாரர்கள் இறக்குமதி செய்துகொள்ள 1980களில் இருந்தே வழியில்லை. தேர்ச்சி பெற்ற போட்டியாளர்களுக்குத்தான் அந்தச் சலுகை. வார இறுதியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுடும் பள்ளி ஆசிரியைக்கு அந்த வழி ஒத்து வராது, தேவையும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. அதைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டம் மொத்தமே 59.5 மில்லிமீட்டர். ஒரு கையை நீட்டி, மணிக்கட்டுக்குத் தாங்கல் ஏதும் இல்லாமல் சுட வேண்டும். குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் முன்னால் ஒரு முனை (முன்குறி), பின்னால் ஒரு பிளவு (பின்குறி); இரண்டுக்கும் இடையே ஓர் அடியைவிடச் சற்று அதிகமான இடைவெளி. அந்த இரண்டும் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் பெல்லட் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போகும். பத்தைப் பார்த்துச் சுட்டது கறுப்பின் விளிம்பில் போய் விழும். இதனால்தான் பயிற்சியாளர்கள் "இலக்கைப் பார்க்காதே, முன்குறியைப் பார்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். முன்குறி தெளிவாக, இலக்கு மங்கலாகத் தெரிய வேண்டும். புதிதாக வருபவர்கள் யாரும் இதை எளிதில் நம்புவதில்லை.

பின்குறியின் பிளவில் முன்குறி நடுவே நிற்கிறது, இரு பக்கமும் ஒளிக்கீற்று சமமாகத் தெரிகிறது, சுட இழுக்கும் விசையின் முதல் கட்டத்தைக் கடந்து விரல் இரண்டாம் கட்டத்தில் நிற்கிறது. பெல்லட் கிளம்பிய நொடியில் முன்குறி எங்கே இருந்தது என்று கண்ணுக்குத் தெரியும். "ஒன்பது, இடப்பக்கம் சற்றுக் கீழே" என்று இலக்கைப் பார்க்கும் முன்பே மனம் சொல்லிவிடும். பிறகு இலக்கைப் பார்த்தால் ஒன்பது, இடப்பக்கம் சற்றுக் கீழே. பத்து விழும்போதுகூட எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. மனம் சொன்னதும் அட்டையில் விழுந்ததும் ஒன்றாக இருக்கும் அந்தக் கணத்துக்காகத்தான் நான் சுடுதளத்துக்குப் போகிறேன். பதக்கமோ சான்றிதழோ அரசு வேலை ஒதுக்கீடோ எனக்கு வரப் போவதில்லை. இந்த விளையாட்டில் எனக்குக் கிடைப்பது அந்த ஒன்றுதான்.

கையில் இருக்கும் துப்பாக்கி அதைத் தருமா என்பதுதான் கேள்வி. நான் இப்போது சுடுவது ஒரு பழைய ஸ்பிரிங் பிஸ்டல். விசையை இழுத்ததும் உள்ளே இருக்கும் வில் விடுபட்டுப் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது, அது காற்றை அழுத்துகிறது, அதன் பிறகே பெல்லட் நகர்கிறது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் ஓடிய ஓட்டத்தில் துப்பாக்கி கையில் உதறிவிடுகிறது. ஒன்பது என்று மனம் சொல்லும், அட்டை ஏழு என்னும். ஏழு என்று நினைத்தது பத்தில் இருக்கும். தவறு என் விரலிலா, மூச்சிலா, இயந்திரத்திலா என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஸ்பிரிங் முறையே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் 1960களில் கொண்டுவந்த 65 என்ற பிஸ்டலில், சுடும்போது இயந்திரப் பகுதி மட்டும் ஒரு தண்டவாளத்தில் பின்னால் சறுக்கும், அதிர்வு கைக்கு வராது. அதை வைத்துப் பல ஆண்டுகள் உலகத் தரத்தில் சுட்டார்கள். ஆனால் இங்கே மலிவு விலையில் கிடைக்கும் ஸ்பிரிங் பிஸ்டல்களில் அந்த ஏற்பாடு இல்லை.

போட்டிக்குப் போகிறவருக்கு மோசமான துப்பாக்கி சில புள்ளிகளைக் குறைக்கும். அவருக்கு வேறு பலன்கள் இருக்கின்றன: பயணம், அணி, பெயர். பொழுதுபோக்காகச் சுடுகிறவரிடம் அது பறிப்பது அவருக்கு இருக்கும் ஒரே பலனை. பதக்கம் வேண்டாதவருக்குத்தான் நல்ல பிஸ்டல் அதிகம் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, கிளப்பில் நல்ல பிஸ்டல்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. அவை எல்லாமே வலது கைக்காரர்களுக்கு ஆனவை. நான் இடது கை. எனக்குக் குறிபார்க்கும் கண்ணும் இடது. போட்டிப் பிஸ்டலின் மரப்பிடியைப் பார்க்காதவர்களுக்கு இது புரியாது. உள்ளங்கைச் சதைக்கு ஒரு மேடு, கட்டைவிரலுக்கு ஒரு தடம், விரல்களுக்கு இடையே சிறு வரம்பு என்று கையின் அச்சாகவே அதைக் கடைந்திருப்பார்கள். கையின் அடிப்பக்கத்தைத் தாங்கும் தட்டைத் திருகு தளர்த்தி ஏற்றி இறக்கலாம். வலது கைப் பிடியை இடது கையில் பிடிக்கவே முடியாது. பிடியை மட்டும் கழற்றி மாற்ற ஒரே ஒரு திருகுதான். ஆனால் அந்தத் துப்பாக்கிகளில் மாணவர்கள் வரிசையாக நின்று பயிற்சி செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மாற்றி, குறிகளைத் திருத்தி, மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அவர்கள் நேரம் போகும். அதனால் இரு கைக்கும் பொதுவான பிடி கொண்ட அந்த ஸ்பிரிங் பிஸ்டலோடு நான் ஒதுங்கிக்கொண்டேன். ஒரு துப்பாக்கிக்காவது இடது கைப் பிடி வாங்கி வைக்க வேண்டும் என்று எல்லா கிளப்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன். இடது கைப் பிள்ளைகளை வலது கைக்கு மாற்றிப் பழக்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

வெளியூரில் இருந்து வந்திருந்த ஒரு மூத்த வீரர், அவரும் இடது கைக்காரர், தன் ஸ்டெயர் நிறுவனப் பிஸ்டலைச் சிறிது நேரம் என்னிடம் கொடுத்தார். ஸ்பிரிங் இல்லாமல், சிலிண்டரில் முன்பே அடைத்த காற்றால் சுடும் வகை அது. கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து காட்டினார். அரைக் கிலோ எடைக்கல் ஒன்றை விசையில் மாட்டி, துப்பாக்கியைச் செங்குத்தாக மெல்லத் தூக்கினார். எடை மேசையை விட்டு எழுந்தது, விசை விடுபடவில்லை. விதிப்படி 500 கிராமுக்குக் குறைவாக விசை இருக்கக் கூடாது, போட்டிக்கு முன் இப்படித்தான் சோதிப்பார்கள் என்றார். பிடியின் உள்பக்கம் எம்-சீல் வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துத் தன் கைக்கு ஏற்றபடி அமைத்திருந்தார். ஆகவே அது என் கைக்குச் சரியாகப் பொருந்தவில்லை. இருந்தும், விசை விடுபட்டபோது முன்குறி அசையவே இல்லை. எட்டு என்று மனம் சொன்னது, எட்டில்தான் ஓட்டை. அடுத்தது ஒன்பது என்றது, ஒன்பதுதான். "டீச்சர், எட்டைச் சுட்டுவிட்டு இப்படிச் சந்தோஷப்படும் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

அன்றைக்கு முடிவு செய்தேன், வாங்கினால் இப்படி ஒன்று, அதுவரை சேமிப்பு.

அஞ்சலகத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குத் தொடர் வைப்புக் கணக்கு. ஐந்தாண்டு முடிவில் வட்டியோடு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் வரும். கடன் அட்டையில் தவணை போட்டு இன்றைக்கே வாங்கலாமே என்கிறார்கள். வாடகை, மகளின் கல்லூரிக் கட்டணம், மாமியாரின் மருந்து என்று ஏற்கெனவே வரிசை கட்டி நிற்கும் செலவுகளுக்கு நடுவே, என் ஒருத்தியின் இன்பத்துக்காக வட்டி கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் கைக்கு இறுக்கமாக இருந்தால் தவணைக்காரர் தொலைபேசியில் அழைப்பார், அந்தப் பதற்றத்தோடு கையை நீட்டிச் சுட முடியாது. யூரோவின் மதிப்பு ஏற ஏறப் பிஸ்டலின் விலையும் ஏறும் என்பது எனக்குத் தெரியும். ஏறினால் இன்னும் சில மாதம் சேர்த்துக் காத்திருப்பேன். அந்தக் காசுக்கு நகை வாங்கலாமே என்று கேட்ட மாமியாரிடம், "அத்தை, நகை பெட்டியில்தான் இருக்கும், இது வாரா வாரம் என் கையில் இருக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, கணக்குப் புத்தகத்தைப் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

நடுத்தர விலையில் ஒன்றை வாங்கிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அப்படி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆண்டில் குறை தெரிய வருகிறது, விற்கும்போது பாதி விலை, மிச்சத்தை மறுபடி சேர்க்க வேண்டும். மொத்தத்தில் செலவு அதிகம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சுடுதளத்துக்கு வந்த மாதமே உயர்ந்த பிஸ்டலைப் பெற்றோர் தலையில் கட்டும் விற்பனைப் பேச்சையும் நான் கண்டிக்கிறேன். வளரும் கைக்குப் பிடி இரண்டு ஆண்டில் சிறுத்துவிடும். அந்தப் பிள்ளை இந்த விளையாட்டில் நிலைக்குமா என்றே அதுவரை தெரியாது. கிளப் துப்பாக்கி இருப்பதே அவர்களுக்காகத்தான். நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுக்கும் பெற்றோரைப் பார்த்தால் தடுத்துச் சொல்லுங்கள்.

எதை வாங்குவது என்பதில் எனக்கு ஏறக்குறைய முடிவு வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் மொரினி, ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பார்தினி, இந்த ஐந்தில் எது வாங்கினாலும் துப்பாக்கியின் துல்லியம் என் திறமையைவிடப் பல படி மேலே. ஆகவே நான் பார்ப்பது இரண்டே விஷயம்: இடது கைக்குச் சிறிய அளவுப் பிடி கிடைக்குமா, பழுது வந்தால் பார்க்க ஆள் உண்டா. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு நேர்ந்தது நினைவிருக்கும். தகுதிச் சுற்றின் நடுவே துப்பாக்கியில் கோளாறு, சரிசெய்து திரும்புவதற்குள் பொன்னான நிமிடங்கள் போயின, 575 புள்ளிகளோடு இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். அதே பெண் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். நாட்டின் முதல் வரிசை வீராங்கனைக்கே பழுது வரும் என்றால், கோவையில் இருக்கும் எனக்கு வாஷர் ஒன்று தேய்ந்தால் எங்கே போவேன் என்பதை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். மின்னணு விசையின் மென்மையைச் சிலர் வியந்து சொல்கிறார்கள். எனக்கு இயந்திர விசை போதும். பேட்டரியும் சுற்றுப்பலகையும் இல்லாதது எதுவோ அதுவே என் தேர்வு.

ஐந்தாண்டு காத்திருக்காமல் பாதி வழியில் பழைய பிஸ்டல் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் வாங்கத் தயார். மூன்றாண்டுக்குப் பிறகு கணக்கை முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம், வட்டிதான் குறையும். பழையதை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காற்றுச் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் ஏற்றுகிறோம், முகத்துக்கு எதிரே கையில் பிடிக்கிறோம். தயாரிப்பாளர்கள் அதற்குப் பத்தாண்டு ஆயுள் என்கிறார்கள், தேதி சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். கடந்திருந்தால் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள், பழையதில் காற்று ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இந்தப் பதிவைப் படிப்பவர்களில் யாரிடமாவது இடது கைப் பிடியோடு, சிறிய அளவில், பயன்படுத்திய பிஸ்டல் விற்பனைக்கு இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். எந்த நிறுவனம் என்றாலும் சரி. பிடியை உள்பக்கமிருந்து ஒரு படம், சிலிண்டரின் தேதி தெரிய ஒரு படம், இரண்டும் போதும். பிடி மட்டும் தனியாக இருந்தாலும் சொல்லுங்கள், அதை எங்கள் கிளப்புக்கு வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் இன்னொரு இடது கைக்காரி சேர்ந்திருக்கிறாள்.