கோர்தோபாவிலிருந்து கிரனாடாவுக்குப் பேருந்தில் போங்கள்

தென் ஸ்பெயினுக்குக் கிளம்பும் நண்பர்கள் திட்டத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்டால் நான் ஒரே ஒரு திருத்தம்தான் சொல்வேன். முதலில் கோர்தோபா, பிறகு கிரனாடா. இரண்டுக்கும் இடையே பகல் நேரப் பேருந்து. அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பேருந்துக்கு மூன்று மணி நேரம் வரை ஆகும். ஆனாலும் பேருந்துதான்.

காரணம் இருக்கிறது. முஸ்லிம்கள் ஆண்ட கோர்தோபாவை, கிறிஸ்தவ நாடான காஸ்தீலின் அரசன் மூன்றாம் பெர்னாந்து 1236-இல் பிடித்தான். கிரனாடா விழுந்தது 1492-இல். நடுவில் 256 வருடங்கள். அந்தக் காலத்தில் கிறிஸ்தவ காஸ்தீலுக்கும் முஸ்லிம் கிரனாடாவுக்கும் எல்லையாகக் கிடந்த மண்ணின் வழியாகத்தான் பேருந்து செல்லும் என்-432 சாலை போகிறது. ரயில் அந்தேகேரா பக்கம் சுற்றிப் போய்விடுவதால் இந்த ஊர்கள் எதுவும் கண்ணில் படாது.

கோர்தோபாவை அரை நாளில் முடித்துவிட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். மெஸ்கீதா பள்ளிவாசலுக்கு மட்டுமே ஒரு முழுக் காலை வேண்டும். கோர்தோபாவை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான் 785-இல் கட்ட ஆரம்பித்து, அடுத்த இருநூறு வருடங்களில் மூன்று முறை பெரிதாக்கிய கட்டடம். இன்று உள்ளே 850-க்கும் மேற்பட்ட தூண்கள். ஆரம்பத்தில் போட்டவற்றில் பல, பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், முஸ்லிம்களுக்கு முன் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்களின் கட்டடங்களிலிருந்தும் எடுத்து வந்தவை. உயரம் போதாது, ஒன்றுக்கொன்று அளவும் ஒத்துவராது. அவற்றை வைத்துக்கொண்டு கூரையை எப்படி உயர்த்துவது? ஒரு வளைவின் தலைக்கு மேல் இன்னொரு வளைவைப் போட்டார்கள். சிவப்புச் செங்கல், வெள்ளைக் கல், மறுபடி செங்கல் என்று மாறி மாறி வரும் அந்த இரட்டை வளைவுகள், கையில் இருந்த கல்லின் குறையிலிருந்து பிறந்த அழகு. நின்று அண்ணாந்து பார்க்க அவகாசம் வேண்டாமா?

அதன் நடுவில் ஒரு கதீட்ரல் எழும்பி நிற்கிறது. 1523-இல் அந்த வேலையைத் தொடங்கியபோது நகரசபையே எதிர்த்தது. மன்னன் ஐந்தாம் சார்லஸ் ஆலயத்தார் பக்கம் நின்று அனுமதி கொடுத்தான். கதீட்ரல் ஆனதால்தான் பள்ளிவாசல் இடிபடாமல் தப்பியது என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1236-க்குப் பிறகு கிட்டத்தட்ட முந்நூறு வருடங்கள், இவ்வளவு பெரிய சேதம் இல்லாமலேயே அது தேவாலயமாக இயங்கி வந்ததே!

சரி, பேருந்துக்கு வருவோம். நகரம் மறைந்ததும் கோதுமை வயல்கள், எஸ்பேகோ ஊரின் உச்சியில் ஒரு கோட்டை, பாயேனா தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை ஒலிவ மரங்கள். உலகத்திலேயே அதிகமாக ஒலிவ எண்ணெய் எடுக்கும் நாடு ஸ்பெயின், அங்கே முதலிடம் ஹாயேன் மாகாணத்துக்கு. அதன் ஓரத்தைத் தொட்டபடிதான் சாலை போகிறது. அப்புறம் அல்கலா லா ரெயால். குன்றின் மேல் லா மோத்தா கோட்டை. 1341-இல் இது காஸ்தீல் கைக்கு வந்தது; அதிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு இதுதான் எல்லைக்காவல் ஊர். சுற்றியுள்ள குன்றுகளில் பழைய காவல் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. கிரனாடாவை நெருங்கும்போது பினோஸ் புவெந்தே வரும். அரசவையில் ஏமாந்து கிளம்பிய கொலம்பஸை, 1492-இல் இசபெல்லா அரசி அனுப்பிய தூதன் இந்த ஊர்ப் பாலத்தில்தான் மறித்துத் திருப்பி அழைத்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

இதையெல்லாம் கடந்து வந்த கண்ணோடு, கிரனாடாவின் அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ராவுக்குள் போனால் அது வேறு மாதிரி தெரிகிறது. கோர்தோபா ஒரு பேரரசின் தலைநகரம். கிரனாடாவோ காஸ்தீலுக்குக் கப்பம் கட்டிப் பிழைத்த சிறிய அரசு. 14-ஆம் நூற்றாண்டில் கிரனாடா அரசர் முதலாம் யூசுப்பும் அவர் மகன் ஐந்தாம் முகம்மதுவும் எழுப்பிய அரண்மனைகளில் பெரும்பாலும் செங்கல், மரம், சுதை வேலைப்பாடுதான். பளிங்குக்கு நல்ல இடம் சிங்க முற்றம்: பன்னிரண்டு சிங்கங்கள், நடுவில் தொட்டி. எதிரி எல்லையில் நிற்கும்போதே இத்தனை நுணுக்கமாகச் சுவரைச் செதுக்கியிருக்கிறார்கள்.

இங்கேயும் அதே ஐந்தாம் சார்லஸ் வருகிறான். 1527 வாக்கில் அல்ஹம்ப்ராவுக்குள்ளேயே தனக்கென்று ஓர் அரண்மனை கட்டத் தொடங்கினான். வட்ட முற்றம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பணம் வந்தது மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாயத்தின் பேரில் மதம் மாறிய உள்ளூர் முஸ்லிம்கள், கட்டிய வரியிலிருந்து. அவர்கள் 1568-இல் கிளர்ந்தெழுந்ததும் வேலை நின்றது. கோர்தோபாவில் கதீட்ரலைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த முற்றத்தில் நிற்கும்போது மனம் கனக்கும்.

திட்டமிட இரண்டு விஷயங்கள். கோர்தோபாவில் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கிரனாடாவில் பேருந்து நிலையம் ஊருக்கு வடக்கே ஒதுங்கி இருக்கிறது, அங்கிருந்து நகரப் பேருந்து பிடிக்க வேண்டும். அல்ஹம்ப்ராவின் நஸ்ரித் (கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் வம்சம்) அரண்மனைகளுக்கு நேரம் குறித்துத்தான் டிக்கெட் தருகிறார்கள், வாரக்கணக்கில் முன்னதாகவே தீர்ந்துவிடும். அதனால் அந்த டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய நாளுக்குப் பேருந்தைப் பதிவு செய்யுங்கள்.