அந்த ரப்பரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வரைந்ததை அழித்துத் திருத்துகிற பெரியவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா, அப்பா, டியூஷன் அக்கா, பக்கத்து வகுப்பு டீச்சர், போட்டிக்கு நடுவராக வந்து உட்காருகிற சார் என்று ஒருத்தர் பாக்கியில்லை. ஏழும் எட்டும் பதினாலு என்று பிள்ளை எழுதினால் தாராளமாகத் திருத்துங்கள். படத்தில் எந்த விடை தப்பாகிவிட்டது என்று ரப்பரைத் தூக்குகிறீர்கள்?

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாவுக்குள் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூல், நாலாம் வகுப்பு வரைக்கும். ஜன்னலைத் திறந்தால் தென்னந்தோப்பு, வரப்பில் கரும்பனை, தெற்கே நெல்லியாம்பதி மலை. வரைவதற்கு இத்தனை கிடக்கிறது. ஆனால் "உங்களுக்குப் பிடிச்சதை வரைங்க கண்ணுகளா" என்று தாளைக் கொடுத்தால் பாதி வகுப்பு ஒரே படத்தை வரைந்து நீட்டுகிறது. ரெண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து நெளிந்து இறங்கும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, வானத்தில் டிக் மார்க் போட்ட மாதிரி நாலு பறவை. இதைப் பிள்ளைகள் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் யாரோ கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. அந்த யாருக்கோ அவங்க சின்ன வயதில் இன்னொருத்தர் சொல்லிக்கொடுத்தது.

ஒரு அப்பா என்னிடம் வாதத்துக்கே வந்துவிட்டார். "ஏனுங்க டீச்சர், நம்மூர்லயும் ரெண்டு பக்கம் மலை, நடுவுல கணவாய்தானுங்களே? புள்ள சரியாத்தான வரைஞ்சிருக்குறா?" ஆள் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலம். வடக்கேயும் மலை, தெற்கேயும் மலை, சூரியன் உதிப்பது நடுவில்தான். சரி, மார்கழியிலும் தையிலும் அதே இடைவெளி வழியாக வந்து துணிக்கொடியை அறுத்துப் போடுகிற கிழக்குக் காற்று படத்தில் எங்கே?

அந்தக் காற்றையும் ஒரு பிள்ளை வரைந்தாள். ரெண்டாம் வகுப்பு. பிரவுன் கிரேயானை அழுத்தி அழுத்தி இடமிருந்து வலமாகத் தாள் முழுக்கக் கோடு. அதற்குள் ஒரு பனை, ஓலையெல்லாம் ஒரே பக்கமாகப் பறக்கிறது. கீழே ஒரு பாவாடை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பாவாடைக்கு ஆள் இல்லை, கொடியிலிருந்து கழன்றதாம். கிரேயான் ரெண்டாக ஒடிந்தும் விடவில்லை, ஒடிந்த துண்டை வைத்துத் தேய்த்து முடித்தாள். நானும் ஆசையாக வீட்டில் காட்டச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் வேறு தாளோடு வந்தாள். ரெண்டு மலை, நடுவில் சூரியன். "அம்மா வரைஞ்சு குடுத்தாங்க டீச்சர். அது கோழி கிளறுன மாதிரி இருக்குதுன்னு அடுப்புல போட்டுட்டாங்க."

அடுப்பில்!

இந்த வயதுப் பிள்ளை ஏன் அப்படி வரைகிறது என்பதில் ஒரு ரகசியமும் இல்லை. ஃபிரான்ஸ் சிசெக் என்கிறவர் 1897-லேயே வியன்னாவில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தி, பெரியவர்கள் வரைந்ததை நகலெடுக்க விடாமல் அவர்கள் போக்கில் வரையவிட்டார். அதே ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்கா போன விக்டர் லோவன்ஃபெல்ட், பிள்ளைகளின் படம் எந்தெந்த வயதில் எப்படி மாறும் என்று 1947-இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். ரெண்டு வயதில் கிறுக்கல். நாலு வயதுக்கு மேல் தலையிலிருந்து நேராகக் கால் முளைத்த மனிதன். ஏழு வயதை ஒட்டித் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் நிறுத்தும். முக்கியமானது பெரிசாக இருக்கும். மூடிய வீட்டுக்குள் அடுப்பும் தெரியும், ஆயாவும் தெரிவாள். டி.டி.சி., டி.எட். என்று ஆசிரியர் பயிற்சி படித்த எல்லோரும் பரீட்சைக்கு இதை எழுதித்தான் வருகிறோம். வேலையில் சேர்ந்ததும் "மூக்கு எங்கடா?" என்று கேட்கிறோம்.

ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் பொள்ளாச்சி பஸ் வரைந்தான். இந்தப் பக்கம் ரெண்டு சக்கரம், கூரைக்கு மேலே தலைகீழாக இன்னும் ரெண்டு. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பஸ் கவுந்துருச்சாடா?" அவன் நிமிர்ந்து பார்த்து, "நாலு சக்கரம் இருக்குதுங்களே டீச்சர்" என்றான். இருக்கிறதே! நமக்குத் தெரிவது ரெண்டு. அவனுக்குத் தெரிந்தது நாலு. அவன் தெரிந்ததை வரைகிறான். அதற்கு என்ன மார்க் குறைப்பீர்கள்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வருஷ பி.டி.ஏ. கூட்டத்தில் நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை. வராந்தாச் சுவரில் பிள்ளைகளின் படங்களை ஒட்டியிருந்தேன். அதில் ஒரு பையன் வரைந்தது, தென்னை உச்சியில் அவன் அப்பா. மரத்தைவிட ஆள் பெரிசு. இடுப்பில் கத்தி, ஒரு கையில் பானை, இன்னொரு கையில் வெள்ளையாக ஏதோ. "இது என்ன, சாமி?" என்று கேட்டால், "எலும்புங்க டீச்சர், பாளையைத் தட்டுறது" என்றான். கள் இறக்குகிறவர் கையில் பாளை தட்டும் எலும்பு இருக்கும் என்பது எத்தனை பெரிய மனிதர்களுக்குத் தெரியும்? ஏழு வயதுப் பையன் அதைக் கவனித்து, அளவாக, சரியான கையில் வைத்திருக்கிறான். கேரளாவின் கள்ளுக்கடைகள் நம்பியிருப்பதே சித்தூர்த் தோப்புகளைத்தான், அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருத்தர், "பள்ளிக்கூடத்துச் சுவத்துல கள்ளுப்பானையா?" என்று ஆரம்பித்தார். இன்னும் ரெண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். எச்.எம். என்னைக் கூப்பிட்டு, "டீச்சரே, வெறும் மரம் மட்டும் வர வெச்சிடலாமே" என்று பக்குவமாகச் சொன்னார். நான் முடியாது என்றேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் படம் சுவரிலேயே இருக்கிறது, பானை மட்டும் காணவில்லை. யாரோ அதன்மேல் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் இளநீர் வரைந்துவிட்டிருந்தார்கள். அப்பாவின் கையில் இளநீர்! பையன் அதைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் வரைவது ஓட்டு வீடு.

போட்டி என்று வந்துவிட்டால் இன்னும் கேவலம். எல்.பி. பிள்ளைகளுக்குக் கலோத்சவம் என்கிற பள்ளிக் கலைவிழா, மாவட்டத்துக்குக் கீழே உள்ள உபஜில்லாவோடு முடிந்துவிடும். அதற்கே ஒரு மாதம் கோச்சிங். மூணு படத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். 'மழைக்காலம்' என்று தலைப்பு வந்தால் அதே மலை, அதே ஆறு, மேலே சாய்வாகக் கோடு. 'திருவிழா' என்றால் அதே ஆற்றங்கரையில் ஒரு யானை. நடுவர் அதற்கு ஏ கிரேடு போடுகிறார். வெளியே காத்திருக்கிற பெற்றோர் கூட்டம் ஜன்னல் வழியாக "சூரியன், சூரியன்" என்று சாடை காட்டுகிறது. மணிக்கட்டு எலும்புகூட முழுசாக வளர்ந்து முடியாத பிள்ளையிடம் கோட்டை விட்டு வெளியே கலர் போகக்கூடாது என்று மிரட்டல் வேறு.

உடம்புக்குக் கலர் அடிக்க ரோஸ் கிரேயானை 'ஸ்கின் கலர்' என்று கேட்டு அடித்துக்கொள்கிறார்கள். கேட்கிற பிள்ளை என்னைவிடக் கறுப்பு. அமெரிக்காவில் கிரேயான் செய்கிற கிரயோலா கம்பெனி, 'ஃப்ளெஷ்' (சதை) என்று வைத்திருந்த பெயரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. இங்கே அந்தப் பேச்சே இல்லை.

சரி, பீரியடாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா? வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். அந்த நேரத்தில்தான் கணக்குப் போர்ஷன் முடியாதது ஞாபகம் வரும், மீட்டிங் வரும். இது எங்கள் ஸ்கூல் கதை மட்டும் இல்லை. 2005-இல் வந்த தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. ஆனால் ஆறு முதல் எட்டு வகுப்புக்கு, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் அப்படி ஒரு வரியே கிடையாது. எல்லை தாண்டினாலும் அதேதான். 2012-இல் தமிழ்நாடு பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தது, அதுவும் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். ஆகமொத்தம், கை முதன்முதலில் கிரேயானைப் பிடிக்கிற வயதுக்கு ஆள் வேண்டாம் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். கிளாஸ் டீச்சர் பார்த்துக்கொள்வாள். கிளாஸ் டீச்சர் என்ன செய்வாள்? செராக்ஸ் எடுத்த மயில் படத்தைக் கொடுத்துக் கலர் அடிக்கச் சொல்லிவிட்டு நோட்டுத் திருத்துவாள். இருபத்தெட்டு மயில், இருபத்தெட்டும் நீலம்.

எனக்கு ஓவியம் வராது. அதற்கு அவசியமும் இல்லை. நான் செய்வது இவ்வளவுதான். "இது என்ன?" என்று கேட்காமல் "இதுல என்ன நடக்குது, சொல்லு" என்று கேட்டு, பிள்ளை சொல்வதை அப்படியே தாளின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். வார்த்தையே வராத பிள்ளை அரைப் பக்கம் சொல்லும். எழுத்துக் கூட்ட முடியாத பையன் தன் படத்தின் பின்னால் நான் எழுதியதை விரல் வைத்துப் படிக்கிறான். இதற்குச் செலவு பென்சிலும் காதும். இதைச் சொன்னால், "அதெல்லாம் சரிங்க டீச்சர், நோட்டீஸ் போர்டுல போட நீட்டா ஒண்ணு வேணுமே" என்கிறார்கள். நீட்டாக வேண்டும் என்றால் காலண்டர் மாட்டுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் வராந்தாவில் உட்கார வைத்து வரைய விடப்போகிறேன். கணக்குக்கு நேரம் கேட்டு யாரும் வரவேண்டாம். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று ராத்திரியே போட்டுவிட்டேன்: ரப்பர் கொடுத்து அனுப்பாதீர்கள், வீட்டில் பழக்கி அனுப்பாதீர்கள், பிள்ளை கொண்டுவருகிற படத்தைத் தொடாதீர்கள். ரெண்டு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள். ஒருத்தர், "ஸ்கேல் குடுத்து விடலாங்களா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார்.