ஆன்டிபயாட்டிக் மட்டும் எல்லா நேரமும் போதாது

மேலே ஒருவர், "இதய ஆபரேஷன் முடிந்த குழந்தைக்கு நெஞ்சுத் தையலில் சீழ் வந்தால் ஆன்டிபயாட்டிக் போதும், மறுபடி திறப்பது பில்லை ஏற்றத்தான்" என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. தோலோடு நிற்கும் தொற்றுக்கு மருந்தும் டிரெஸ்ஸிங்கும் பல நேரம் போதும். நெஞ்செலும்புக்குக் கீழே, இதயத்தைச் சுற்றிச் சீழ் பிடித்தால் கதையே வேறு. செத்த திசுவுக்கு ரத்த ஓட்டம் கிடையாது; ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்? எலும்பைக் கட்டிய கம்பியிலும் கிருமி படலமாக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் திறந்து, சுத்தம் செய்து, எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அடிக்கடி சிக்குவது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா.

பிறகு சில குழந்தைகளுக்கு உடனே மூடிவிடுவார்கள். சிலருக்கு ஸ்பாஞ்சு வைத்து உறிஞ்சும் வேக்குவம் டிரெஸ்ஸிங். பெரியவர்களுக்கு வழக்கமாக வைக்கும் 125 மி.மீ. பாதரச அழுத்தத்தைப் பச்சிளம் குழந்தைக்குக் குறைத்தே வைப்பார்கள். ஸ்பாஞ்சு இதயத்தில் நேராகப் படாமல் நடுவே ஒரு தடுப்புப் படலமும் இருக்கும். பள்ளம் பெரிதென்றால் மார்புத் தசையைத் திருப்பி மூடுவதும் உண்டு. இதோடு நரம்பு வழி ஆன்டிபயாட்டிக், வாரக்கணக்கில்.

பில்லில் சந்தேகமா, தாராளமாகக் கேளுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். ஆனால் காய்ச்சல், தையலில் கசிவு, மூச்சிழுக்கும்போது நெஞ்செலும்பு அசைவது, இவற்றில் எது இருந்தாலும் வீட்டில் மிச்சமிருக்கும் சிரப்பைக் கொடுத்துப் பார்க்காமல் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டீமிடம் காட்டுங்கள். கைக்குழந்தை என்றால் பால் குடிக்காமல் துவள்வதே முதல் அறிகுறியாக இருக்கலாம்.