படிக்காமல் வரைந்த அட்டை

குன்னூரில் பழைய ஃபேன்டசி நாவல்களைச் சேகரிக்கும் நாங்கள் நால்வர், மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவது வழக்கம். சென்ற வாரப் பேச்சு முழுவதும் புதிய பேப்பர்பேக் பதிப்புகளின் அட்டைகளைப் பற்றியே ஓடியது. ஓவியத்தை எடுத்துவிட்டு, ஒற்றை வண்ணத்தின் மேல் பொன்னிறத்தில் ஒரு மோதிரத்தையோ இலையையோ மட்டும் பதிக்கும் பாணியைப் பார்த்து, எங்களில் மூத்தவர், "இது புத்தக அட்டையா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. வரைந்தவர் புத்தகத்தைப் படித்திருந்தாரா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி.

1965இல் டோல்கீனின் நூல்களை அமெரிக்காவில் பாலன்டைன் நிறுவனம் பேப்பர்பேக்காக வெளியிட்டபோது அட்டைகளை வரைந்த பார்பரா ரெமிங்டனுக்கு, அவற்றைப் படிக்கும் வாய்ப்பே கிடைத்திருக்கவில்லை. அதனால் 'தி ஹாபிட்' அட்டையில் ஒரு சிங்கமும், ஈமு பறவைகளும், இளஞ்சிவப்புக் குமிழ்கள் தொங்கும் மரம் ஒன்றும் வந்து நின்றன. இவற்றுக்கும் கதைக்கும் என்ன தொடர்பு என்று டோல்கீன் எரிச்சலோடு கடிதம் எழுதினார். பிந்தைய அச்சுகளில் சிங்கம் காணாமற்போயிற்று. 1937இல் வந்த முதல் பதிப்புக்கு அவரே தம் கையால் மலைகளை வரைந்து கொடுத்திருந்தவர் என்பதை நினைத்தால் அந்த எரிச்சல் புரியும். (எங்கள் மூத்தவர் பல ஆண்டுகளாகத் தேடுவது அந்தச் சிங்கம் உள்ள பிரதியைத்தான்.)

சிங்கத்தையாவது சிரித்துவிட்டு மறந்துவிடலாம். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலின் நாயகன் கெட், செம்பழுப்பு நிறத்தவன். முதல் பதிப்பில் ரூத் ராபின்ஸ் அவனை அப்படியே வரைந்தார். பின்னர் வந்த அட்டைகள் பலவற்றில் அவன் வெள்ளைக்காரனாகிப்போனான். லெ குவின் இதற்காகப் பதிப்பாளர்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். பதினான்கு வயதில் என் கைக்கு வந்த பழைய பிரதியிலும் வெளுத்த முகம்தான். நிறத்தைச் சொல்லும் வரியைத் தாண்டித்தான் அன்று படித்திருக்கிறேன். ஆனாலும் முப்பது வயதில் மறுபடி படிக்கும்வரை என் மனத்திலிருந்த கெட், அந்த அட்டையிலிருந்தவனே. என் கண்ணெதிரே அச்சாகியிருந்த சொல்லை ஒரு படம் அழித்துவிட்டது என்பதை இன்றும் என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, முகத்தைத் தவறாக வரைவதைவிட கெட்டை மற்றவர்கள் அழைக்கும் பெயரைக் குறிக்கும் வல்லூறு ஒன்றை மட்டும் பதித்துவிட்டு ஒதுங்கும் புதிய அட்டை எனக்கு மேலானதாகவே படுகிறது. 2018இல் வெளிவந்த எர்த்சீ தொகுப்புக்காகச் சார்லஸ் வெஸ் நான்கு ஆண்டுகள் லெ குவினோடு கலந்து பேசி வரைந்ததுபோல வரைய ஆள் கிடைத்தால், வல்லூறும் வேண்டியதில்லை.

புதிய அட்டைகளில் என் மனக்குறை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே காகிதம் ஈரத்தை இழுத்து உப்புகிறது, மேலே ஒட்டிய லேமினேஷன் உப்புவதில்லை; இரண்டும் இழுத்துக்கொள்ள, அட்டை பொரித்த அப்பளம்போல வெளிப்பக்கம் சுருள்கிறது. போன மாதம் வாங்கிய பிரதியின் மேல் இப்போது அகராதி ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறேன்.